கணினி வலையமைப்பின் நிலைகாட்டும் இணையப்பக்கங்கள்: அறியாநிலையைப் பதிவுசெய்தலும் தமிழ்ச் சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆயிரக்கணக்கான கருவிகள் இணைந்த கணினி வலையமைப்பின் நிலையை இணையப்பக்கத்தின் வழியே கண்காணிக்கும் முறை 1990களின் நடுப்பகுதியில் தோன்றிப் பரவியது. அம்முறையின் வளர்ச்சியில் இடம்பெறும் எம்.ஆர்.டி.ஜி., ஆர்.ஆர்.டி.டூல், நாகியோஸ், புரோமிதியஸ் ஆகிய நான்கு மென்பொருள்கள், கருவியின் நிலையை அறிய இயலாதபோது அதனை எவ்வாறு பதிவுசெய்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலைகாட்டும் பக்கம் தருவது வலையமைப்பின் நிலையன்று, கண்காணிக்கும் மென்பொருள் தான் இருக்கும் இடத்திலிருந்து குறித்த நேரத்தில் அறிந்த நிலையே என்பது இக்கட்டுரையின் கருத்து. 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இரண்டு பெரிய தடைகள் இக்கருத்திற்குச் சான்றாகின்றன. இவ்வேறுபாட்டைக் காக்கும் தமிழ்ச் சொற்களும் கட்டுரையின் இறுதியில் முன்மொழியப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: கணினி வலையமைப்பு, கண்காணிப்பு, இணையப்பக்கம், அறியாநிலை, கலைச்சொல்லாக்கம், தன்வினை, பிறவினை, ஐயக்கிளவி.

முன்னுரை

ஒரு கட்டடத்தில் விளக்கு எரிகிறதா என்பதைக் கண்ணால் கண்டு சொல்லலாம். ஆயிரம் கட்டடங்களைப் பிணைக்கும் கணினி வலையமைப்பில் எந்தக் கம்பி அறுந்தது, எந்தத் திசைவி நின்றது என்பதை அவ்வாறு கண்டு சொல்ல இயலாது. வலையமைப்பைப் பற்றிய செய்தியும் அவ்வலையமைப்பின் வழியாகவே வந்துசேர வேண்டியுள்ளது. தூது வரும் வழியே தடைபட்டால் தூது வாராது. தூது வாராமையைக் கொண்டு அனுப்பியவர் நலமாக இல்லை என்று முடிவுசெய்வதும் பொருந்தாது, நலமாக உள்ளார் என்று முடிவுசெய்வதும் பொருந்தாது. வலையமைப்புக் கண்காணிப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

இச்சிக்கல் முதலில் பொறியியல் சார்ந்தது. எனினும் அதன் ஒரு பகுதி மொழியைச் சார்ந்தது. நிலைகாட்டும் பக்கத்தில் இடம்பெறும் ஒரு சொல்லையோ ஒரு நிறத்தையோ கொண்டே பராமரிப்பாளர் எங்குச் செல்வது, எதைப் பழுதுபார்ப்பது என்று முடிவுசெய்கிறார். ஆங்கிலத்தில் இச்சொற்கள் நாற்பது ஆண்டுக் காலப் பயன்பாட்டில் படிப்படியாக வேறுபடுத்தப்பட்டவை. அவற்றைத் தமிழில் பெயர்ப்போர் அவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தே பெயர்த்தல் வேண்டும். எனவே, சொல்லாக்கத்திற்கு முன்னர் அம்மென்பொருள்கள் செயற்படும் முறையை வரலாற்று அடிப்படையில் காண்பது இன்றியமையாததாகிறது.

வினவலும் விடையும்

வலையமைப்பில் ஒரு கருவி இயங்குகிறதா என அறிவதற்குரிய மிக எளிய வழி, அதற்கு ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை அனுப்பி விடை வருகிறதா எனக் காண்பது. இப்பணியைச் செய்யும் ‘பிங்’ என்னும் நிரலை அமெரிக்காவின் படைத்துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் முறையிலிருந்து இப்பெயர் வந்தது.

எதிரொலி வந்தால் பொருள் தெளிவு: கருவி இயங்குகிறது, வழியும் திறந்துள்ளது. எதிரொலி வாராதபோது பொருள் பலவாகிறது. கருவி நின்றிருக்கலாம். இடைவழியில் ஒரு திசைவி நின்றிருக்கலாம். வினவல் சென்றடைந்து விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இத்தகைய வினவல்களுக்கு விடையளிக்க வேண்டா எனப் பாதுகாப்பு அமைப்பு தடுத்திருக்கலாம். ஆக, உடன்பாட்டு விடை ஒரு பொருளும் விடையின்மை பல பொருள்களும் உடையன.

கருவியின் உள்நிலையைக் கேட்டறிவதற்கான பொதுவான நெறிமுறை 1988இல் வரையறுக்கப்பட்டது. எஸ்.என்.எம்.பி. எனச் சுருக்கி வழங்கும் இந்நெறிமுறையின்படி, கண்காணிக்கும் கணினி குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு திசைவியையும் வினவி, அதன் எண்ணிகளில் உள்ள அளவுகளைப் பெறுகிறது. கருவி தானாக முன்வந்து எச்சரிக்கை அனுப்பவும் இந்நெறிமுறையில் இடமுண்டு. ஆனால் அவ்வெச்சரிக்கை, பொட்டலம் சென்றுசேர்வதற்கு உறுதியளிக்காத யு.டி.பி. என்னும் போக்குவரத்து முறையில் செல்வதால் வழியில் தொலைந்துபோதல் கூடும். தொலைந்ததை அனுப்பிய கருவியும் அறியாது, பெறவேண்டிய கணினியும் அறியாது.

இந்நெறிமுறையில் ஈண்டு கருதத்தக்க மற்றொரு கூறு உண்டு. ஒரு திசைவியின் ஒவ்வோர் இடைமுகத்திற்கும் இரண்டு நிலைகள் தனித்தனியே பதிவாகின்றன. ஒன்று, நிர்வாகி அதற்கு விதித்த நிலை. மற்றொன்று, அது உண்மையில் இயங்கும் நிலை. நிர்வாகி மூடிய இடைமுகமும் கம்பி அறுந்ததால் நின்ற இடைமுகமும் போக்குவரத்து இல்லாமையில் ஒன்றே. ஆயினும் முன்னது திட்டமிட்டது, பின்னது பழுது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘டவுன்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. எப்பட்டியலில் அச்சொல் வருகிறது என்பதைக் கொண்டே பொருள் வேறுபடுத்தப்படுகிறது.

லெஸ்டரில் தோன்றிய வரைபடம்

வினவிப் பெற்ற அளவுகளைக் காண்பதற்குத் தொடக்கத்தில் தனி மென்பொருளும் அதற்குரிய பணிநிலையக் கணினியும் தேவைப்பட்டன. ஆகவே வலையமைப்பின் நிலை, அவ்வறையில் அமர்ந்திருந்த சிலர் மட்டுமே காணக்கூடியதாக இருந்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வு நிறுவனத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் முன்மொழிந்த வையவிரிவலையின் அடிப்படை மென்பொருளை, 1993 ஏப்ரலில் அந்நிறுவனம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொதுவுடைமையாக்கியது. படங்களையும் எழுத்தையும் ஒருங்கே காட்டும் மொசைக் உலாவியும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. எந்தக் கணினியிலிருந்தும் எவரும் காணக்கூடிய பக்கம் என்பது அதன்பின் இயல்பான ஒன்றாயிற்று.

இவ்வாய்ப்பை வலையமைப்புக் கண்காணிப்பிற்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் டோபியஸ் ஓட்டிகர் குறிப்பிடத்தக்கவர். 1994இல் அவர் பணியாற்றிய இங்கிலாந்தின் லெஸ்டர் நகர் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கணினிகள் இருந்தன. அவை அனைத்திற்கும் வெளியுலகத் தொடர்பாக நொடிக்கு 64 கிலோபிட் திறனுடைய ஒரே ஓர் இணைப்பு இருந்தது. இணைப்பு ஏன் மெதுவாக உள்ளது என்னும் கேள்விக்கு விடையாக, அவ்விணைப்பின் போக்குவரத்தை வரைபடமாக்கி இணையப்பக்கத்தில் தொடர்ந்து காட்டும் நிரலை அவர் பெர்ல் மொழியில் எழுதினார். அதன் முதற்பதிப்பு 1995இல் எம்.ஆர்.டி.ஜி. என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. 1996இல் டேவ் ராண்ட் அதன் விரைவு தேவைப்படும் பகுதியைச் சி மொழியில் எழுதிச் சேர்த்தார். உள்வரும் போக்குவரத்தைப் பச்சைப் பரப்பாகவும் வெளிச்செல்லும் போக்குவரத்தை நீலக் கோடாகவும் காட்டும் அதன் வரைபடம் உலகெங்கும் வலையமைப்பு அறைகளில் பழகிய காட்சியாயிற்று.

இதன் செயல்முறை எளிது. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிரல் திசைவியை வினவும். எண்ணியின் இப்போதைய அளவிலிருந்து முந்தைய அளவைக் கழித்து, இடைப்பட்ட நொடிகளால் வகுக்கும். கிடைக்கும் வேகத்தைப் பதிவேட்டில் சேர்த்து, பட உருவை வரைந்து, பக்கத்தைப் புதுப்பிக்கும். காண்போரின் கணினியில் உலாவியைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. இம்மாற்றத்தால் வலையமைப்பின் நிலை நிர்வாகியின் தனியறிவாக இராமல், அதனைப் பயன்படுத்துவோரும் கண்டு வினவக்கூடிய பொதுச்செய்தியாயிற்று. இணையத் தொழில்நுட்பம் கண்காணிப்பிற்கு அளித்த முதற்கொடை இதுவெனலாம்.

சராசரியும் எண்ணியும் மறைப்பவை

பொதுச்செய்தியான பின்னர், அச்செய்தியைப் படிக்கும் முறையும் கருதத்தக்கதாகிறது. எம்.ஆர்.டி.ஜி. ஒவ்வோர் இணைப்பிற்கும் நான்கு வரைபடங்களைத் தருகிறது. நாள் வரைபடம் 5 நிமிடச் சராசரியையும், வார வரைபடம் 30 நிமிடச் சராசரியையும், மாத வரைபடம் 2 மணிநேரச் சராசரியையும், ஆண்டு வரைபடம் ஒருநாள் சராசரியையும் கொண்டவை. பழைய அளவுகள் தொகுக்கப்பட்டுவிடுவதால் இரண்டு ஆண்டுக் காலச் செய்தியைத் தாங்கியும் பதிவேடு அளவில் பெருகுவதில்லை.

இச்சிக்கனத்திற்கு விலையுண்டு. ஓர் இணைப்பு ஒரு நிமிடம் முழுக்கொள்ளளவில் நிரம்பி, அடுத்த நான்கு நிமிடம் வெறுமையாக இருந்தால் நாள் வரைபடம் காட்டுவது 20 விழுக்காடு. ஒரு நாளில் ஐந்து நிமிடம் மட்டும் முழுமையாக நிரம்பி, எஞ்சிய நேரம் வெறுமையாக இருந்த இணைப்பை ஆண்டு வரைபடத்தின் சராசரி 0.35 விழுக்காடாகக் காட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் தடைப்பட்டவர் பட்ட இடர் அவ்வரைபடத்தில் இல்லை. உச்ச அளவையும் சேர்த்து வரையும் வசதி அம்மென்பொருளில் அமைந்ததற்குக் காரணம் இதுவே.

எண்ணியும் இவ்வாறே ஏமாற்றக்கூடியது. தொடக்கக்கால எண்ணிகள் 32 பிட் அளவின. 429,49,67,296 பைட்டு வரை எண்ணியபின் அவை மீண்டும் சுழியத்திற்குத் திரும்பும். லெஸ்டரின் 64 கிலோபிட் இணைப்பு முழுமையாக நிரம்பினும் எண்ணி ஒரு சுற்று முடிக்க ஆறு நாளுக்கு மேலாகும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஒரு சுற்று 344 நொடியில் முடியும். ஐந்து நிமிட வினவலுக்கு அது சற்றே போதுமானது. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் ஒரு சுற்று 34 நொடிதான். ஐந்து நிமிடத்தில் எண்ணி எட்டு முறைக்கு மேல் சுழன்றுவிடும். எத்தனை முறை சுழன்றது என்பதை வினவும் நிரல் அறிய வழியில்லை. பிழையான எண்ணிலிருந்து வழுவழுப்பான வரைபடம் கிடைக்கும். பிழை என்பதற்கான அடையாளம் அப்படத்தில் இராது. பின்னர் 64 பிட் எண்ணிகள் கொண்டுவரப்பட்டமையால் இக்குறை நீங்கியது.

அறியாநிலைக்கு ஓர் இடம்

திசைவி விடையளிக்காதபோது எம்.ஆர்.டி.ஜி. என்ன செய்கிறது என்பது இக்கட்டுரைக்கு மையமான வினா. மாற்று விருப்பம் தரப்படாதவிடத்து, அது கடைசியாகப் பெற்ற அளவையே மீண்டும் பதிவுசெய்கிறது. வரைபடத்தில் அது நேர்கோடாகத் தோன்றும். விரும்பினால் அறியாத அளவைச் சுழியமாகப் பதியச் செய்யலாம். ஆனால் சுழியத்தில் செல்லும் கோட்டைவிட நேர்கோடே கண்ணுக்கு எளிதிற்படும் என்று அம்மென்பொருளின் விளக்க ஏடு எச்சரிக்கிறது. இயல்பான போக்குவரத்து ஒருபோதும் நேர்கோடாக இராது என்பதைப் பழகியவர் அறிவர். அவருக்கு நேர்கோடு ஒரு குறிப்பு. பழகாதவருக்கோ அது இணைப்பு சீராக இயங்கியதற்கான சான்றாகத் தோன்றும். இரண்டு வழிகளிலும் அறியாத ஒன்று, அறிந்த எண்ணின் உருவில் பதிவாகிறது என்பதே குறை.

ஓட்டிகரே 1999இல் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல் இக்குறையைத் தரவின் அமைப்பிலேயே நீக்கியது. அதில் எண்கள் மட்டுமின்றி ‘அறியப்படாதது’ என்பதும் ஒரு தனி மதிப்பு. இரண்டு பதிவுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் வரை பொறுக்கலாம் என்னும் எல்லை முன்னரே வரையறுக்கப்படுகிறது. அவ்வெல்லை கடந்தால் அக்காலக்கூறின் அளவு அறியப்படாததாகக் கொள்ளப்படும். வரைபடத்தில் அங்குக் கோடு இராது, இடைவெளி இருக்கும்.

தொகுத்தலிலும் இம்மென்பொருள் இதே நேர்மையைக் கடைப்பிடிக்கிறது. ஆறு 5 நிமிட அளவுகளைச் சேர்த்து ஒரு 30 நிமிடச் சராசரி காணும்போது, அவற்றுள் எத்தனை பங்கு அறியப்படாததாக இருப்பினும் சராசரியை ஏற்கலாம் என்பதை அமைப்பவர் விதிக்கவேண்டும். பாதி என விதித்தால், இரண்டு அளவுகள் அறியப்படாதபோது எஞ்சிய நான்கின் சராசரி ஏற்கப்படும். நான்கு அளவுகள் அறியப்படாதபோது சராசரியும் அறியப்படாததாகவே பதிவாகும். எவ்வளவு அறியாமையை அறிவாகக் கொள்ளலாம் என்னும் முடிவு இவ்வாறு வெளிப்படையாகிறது.

எட்டாமையும் வீழ்ச்சியும்

வரைபடம் அளவைக் காட்டுகிறது. பராமரிப்பாளருக்கு அளவோடு தீர்ப்பும் வேண்டும். ஈத்தன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயிண்ட் என்னும் பெயரில் வெளியிட்டு, 2002இல் நாகியோஸ் எனப் பெயர் மாற்றிய மென்பொருள் இத்தேவையை நிறைவேற்றியது. சேவைகளுக்குச் சரி, எச்சரிக்கை, நெருக்கடி, அறியப்படாதது என நான்கு நிலைகளை அது வகுத்தது. சோதனை நிரல்கள் 0, 1, 2, 3 என்னும் எண்களால் இந்நிலைகளைத் தெரிவிக்கின்றன. இணையப்பக்கத்தில் இவை பச்சை, மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களில் தோன்றும். சோதனையே நிகழ இயலாதபோது சிவப்பு ஒளிராது, செம்மஞ்சளே ஒளிரும் என்பது கருதத்தக்கது.

கணினிகளுக்கும் திசைவிகளுக்கும் அது வகுத்த பிரிவு இன்னும் நுட்பமானது. அமைப்பவர் ஒவ்வொரு கருவிக்கும் அதனை அடையும் வழியில் முன்னிற்கும் கருவி எது எனக் குறிப்பிடுகிறார். விடையளிக்காத கருவியின் முன்னிற்கும் கருவி இயங்கினால், அக்கருவி ‘வீழ்ந்தது’ எனப்படும். முன்னிற்கும் கருவிகள் அனைத்தும் வீழ்ந்திருந்தால், அது ‘எட்டவில்லை’ எனப்படும். ஒரு முதன்மைத் திசைவிக்கு அப்பால் 200 கருவிகள் உள்ளன எனக் கொள்வோம். அத்திசைவி நின்றால் 201 கருவிகள் விடையளிக்கமாட்டா. அனைத்தையும் வீழ்ந்தனவாகக் காட்டும் பக்கம் 201 பழுதுகளை அறிவிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் பக்கமோ ஒரு பழுதையும் அதன் விளைவாக அறிய இயலாமற்போன 200 கருவிகளையும் காட்டும். பின்னதில் பராமரிப்பாளர் செல்லவேண்டிய இடம் தெளிவாகிறது.

ஒருமுறை விடை வாராமையைக் கொண்டு நாகியோஸ் தீர்ப்பளிப்பதுமில்லை. முதல் தவறியவுடன் அது மென்மையான நிலையாகக் கொள்ளப்படும். குறித்த எண்ணிக்கை வரை மீண்டும் சோதித்து, ஒவ்வொரு முறையும் தவறிய பின்னரே உறுதிப்பட்ட நிலையாகி, உரியவருக்குச் செய்தி செல்லும். ஐயத்திற்கும் துணிபிற்கும் இடையே ஒரு படி இவ்வாறு வைக்கப்பட்டுள்ளது.

இணைய நெறிமுறையே அளவுக்கருவியாதல்

மேற்கண்ட மென்பொருள்களில் இணையத் தொழில்நுட்பம் காட்சிக்கே பயன்பட்டது. அளவெடுத்தல் வேறு நெறிமுறைகளில் நிகழ்ந்தது. பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கப்பட்டு, 2015இல் பரவலாக அறிமுகமான புரோமிதியஸ் இந்நிலையை மாற்றியது. இதில் கண்காணிக்கப்படும் ஒவ்வொரு நிரலும் தன் அளவுகளை எளிய எழுத்துருப் பக்கமாக வெளியிடுகிறது. உலாவி பக்கத்தைக் கேட்டுப் பெறும் அதே நெறிமுறையில் புரோமிதியஸ் அப்பக்கத்தைக் குறித்த இடைவெளியில் பெற்றுப் பதிவுசெய்கிறது. மனிதர் விரும்பினால் அப்பக்கத்தை உலாவியிலும் திறந்து படிக்கலாம். பார்க்கும் வழியும் அளக்கும் வழியும் ஒன்றாயின.

ஒவ்வொரு முறை பக்கத்தைப் பெற முயலும்போதும் புரோமிதியஸ் தானாக ஓர் அளவை உண்டாக்குகிறது. பக்கம் கிடைத்தால் 1, கிடைக்காவிடில் 0. இவ்வளவின் பெயர் ‘அப்’. இயங்குகிறது என்பது அச்சொல்லின் வழக்குப் பொருள். ஆயினும் அது குறிப்பது பக்கத்தைப் பெறும் முயற்சி நிறைவேறியதா என்பதை மட்டுமே. நிரல் இயங்கிக்கொண்டிருக்க, இடைவழி தடைப்பட்டாலும் அளவு 0 ஆகும். நிரல் தன் பயனருக்கு எவ்விடையும் அளிக்க இயலாமல் இருந்து, அளவுப் பக்கத்தை மட்டும் தந்தாலும் அளவு 1 ஆகும். பெயரைப் பார்த்துப் பொருள் கொள்வோர் இரண்டு வழியிலும் தவறக்கூடும். மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லை ‘இயங்குகிறது’ எனப் பெயர்த்தால் ஆங்கிலத்தில் உள்ள குறை தமிழிலும் நிலைபெறும். ‘பெறப்பட்டது’ எனப் பெயர்த்தால் அக்குறை நீங்கும்.

காண்போர் நிற்கும் இடம்

நிலைகாட்டும் பக்கம் தானும் ஒரு கணினியில் இயங்குவது. அக்கணினி தான் கண்காணிக்கும் அமைப்பைச் சார்ந்திருந்தால் நேரும் விளைவிற்கு இரண்டு நிகழ்வுகள் சான்றாகின்றன.

2017 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை தடைப்பட்டது. பராமரிப்பின்போது தரப்பட்ட கட்டளை ஒன்றில் நேர்ந்த தவறால், எண்ணியதைவிட மிகுதியான சேவையகங்கள் நீக்கப்பட்டன என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. பசிபிக் நேரப்படி காலை 9:37க்குத் தொடங்கிய தடை பிற்பகல் 1:54க்கு முழுமையாக நீங்கியது. சேவைகளின் நிலையைப் பொதுமக்களுக்குக் காட்டும் பக்கத்தை நிர்வகிக்கும் கருவியும் அதே எஸ்3 சேவையைச் சார்ந்திருந்தது. ஆகவே 11:37 வரை அப்பக்கத்தில் தனித்தனிச் சேவைகளின் நிலையை மாற்ற இயலவில்லை. ட்விட்டர் வழியாகவும் பக்கத்தின் மேற்குறிப்பு வழியாகவும் செய்தி அறிவிக்கப்பட்டது. இரண்டு மணிநேரம் பக்கம் காட்டியது பழைய நிலை. அது பழையது என்பதைப் பக்கத்திலிருந்த சேவைக் குறியீடுகள் கூறவில்லை. அதன்பின் அக்கருவி பல வட்டாரங்களில் பரவி இயங்குமாறு மாற்றப்பட்டது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணிநேரம் தடைப்பட்டன. அதன் முதுகெலும்பு வலையமைப்பின் பராமரிப்பில் தரப்பட்ட கட்டளை, தரவு மையங்களுக்கு இடையேயான இணைப்புகளைத் துண்டித்தது. தளப்பெயருக்கு முகவரி சொல்லும் சேவையகங்கள், தரவு மையங்களோடு தொடர்புகொள்ள இயலாவிடில் தம் இணைப்பு பழுதானது எனக் கருதித் தம்மை அடையும் வழியின் அறிவிப்பைத் தாமே விலக்கிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தன. அவ்வாறே அவை விலக்கிக்கொண்டன. அச்சேவையகங்கள் இயங்கிக்கொண்டே இருந்தன, எவராலும் எட்ட இயலாதனவாயின. பழுதை ஆராய்வதற்கான உள்நிலைக் கருவிகளும் உடன் பயனிழந்தன. பொறியாளர்கள் நேரில் தரவு மையங்களுக்குச் செல்ல நேர்ந்தது. ‘நின்றது’ என்பதற்கும் ‘எட்டவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

பார்வையை வெளியிலிருந்து அமைப்பது இதற்கு ஒரு தீர்வாகிறது. ஐரோப்பாவின் ரைப் என்.சி.சி. நிறுவனம் 2010இல் தொடங்கிய அட்லஸ் திட்டம், உலகெங்கும் தன்னார்வலர் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் சிறு அளவீட்டுக் கருவிகளை வைத்துப் பல இடங்களிலிருந்து ஒரே இலக்கை வினவுகிறது. ஓரிடத்திலிருந்து எட்டாதது மற்றோரிடத்திலிருந்து எட்டுமாயின், பழுது இலக்கில் இல்லை, வழியில் உள்ளது எனத் துணியலாம். இங்கும் கிடைப்பது இடஞ்சார்ந்த அறிவே. ஆனால் இடங்கள் பலவாதலால் ஐயம் குறைகிறது.

தமிழ்ச் சொல்லாக்கம்

மேற்கண்டவற்றால், விடை வாராத கருவியின் நிலை குறைந்தது நான்கு வகைப்படும் என்பது பெறப்படுகிறது. அந்நான்கையும் ‘செயலிழந்தது’ என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பது எளிது. அவ்வாறு பெயர்த்தால் மென்பொருள்கள் அரிதின் உண்டாக்கிய வேறுபாடு மறையும். தமிழின் சொல்லமைப்பு இவ்வேறுபாட்டைத் தானே தாங்கவல்லது.

தமிழ் வினைகள் பல தன்வினை, பிறவினை என இணையாக வழங்குகின்றன. நிற்றல் தன்வினை, நிறுத்துதல் பிறவினை. நிர்வாகி மூடிய இடைமுகத்தை ‘நிறுத்தப்பட்டுள்ளது’ எனவும், பழுதால் இயக்கம் ஒழிந்ததை ‘நின்றுள்ளது’ எனவும் குறித்தால், ஆங்கிலத்தில் பட்டியலைப் பார்த்து உணரவேண்டிய வேறுபாடு தமிழில் சொல்லிலேயே விளங்கும். முன்னிற்கும் கருவி வீழ்ந்ததால் அடைய இயலாததை ‘எட்டவில்லை’ எனலாம். எட்டுதல் என்பது எட்ட முயல்பவரின் இடத்தையும் உட்கொண்ட வினை. எனவே அச்சொல் கருவியின் குறையைக் கூறாமல், காண்பவருக்கும் கருவிக்கும் இடைப்பட்ட குறையைக் கூறுகிறது. சோதனையே நிகழாததையும் விடை போதாததையும் ‘அறியப்படவில்லை’ எனலாம்.

ஐயத்திற்கு உரிய சொல்லை வரையறுத்தல் தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், திணையிலும் பாலிலும் ஐயம் தோன்றும்போது பேசுவோர் எவ்வாறு சொல்லவேண்டும் என வரையறுக்கிறது. பால் தெளியாதவிடத்துப் பன்மையாற் கூறுதலும், திணை தெளியாதவிடத்து இரு திணைக்கும் பொதுவான உருவு போன்ற சொல்லாற் கூறுதலும் அதன் விதிகள். தொலைவில் தோன்றுவது மரக்கட்டையா மனிதனா என்பது உரையாசிரியர் காட்டும் சூழல். துணியாத ஒன்றைத் துணிந்தாற்போலக் கூறுவது வழு என்பது இவ்விதிகளின் உட்கிடை. நாகியோஸின் செம்மஞ்சள் நிறமும் ஆர்.ஆர்.டி.டூலின் இடைவெளியும் இதே கடப்பாட்டை வேறொரு துறையில் நிறைவேற்றுகின்றன. இது நோக்கத்தின் ஒப்புமை மட்டுமே. இக்காலத் தொழில்நுட்பம் பண்டை நூலில் உளது என்பது இதன் கருத்தன்று.

இத்தனை சொற்கள் பராமரிப்பாளருக்குச் சுமையாகாவோ என்னும் வினா எழலாம். நள்ளிரவில் பக்கத்தைக் காண்பவருக்குப் பச்சையும் சிவப்பும் போதும் எனவும் வாதிடலாம். ஆனால் 201 சிவப்புக் குறிகளில் எது காரணம், எவை விளைவு எனத் தேடுவதே பெருஞ்சுமை. ஒரு ‘நின்றுள்ளது’, 200 ‘எட்டவில்லை’ என வரும் பக்கம் அச்சுமையைக் குறைக்கிறது. இவற்றோடு ஒவ்வொரு நிலைக்கும் அருகில் ‘கடைசியாக அறிந்த நேரம்’ இடம்பெறுதல் வேண்டும். 2017இல் நிகழ்ந்ததுபோல் பக்கமே புதுப்பிக்கப்படாதபோது, காண்பவரைக் காப்பது அந்நேரக் குறிப்பு ஒன்றே.

முடிவுரை

வலையமைப்பின் நிலையை அனைவரும் காணுமாறு செய்தது இணையத் தொழில்நுட்பம். 1995இல் காட்சிக்கு மட்டும் பயன்பட்ட அது, இருபது ஆண்டுகளுக்குள் அளவெடுக்கும் வழியுமாயிற்று. இவ்வளர்ச்சியில் காட்சி அழகுபெற்றதைவிட, அறியாமையை ஒப்புக்கொள்ளும் முறை செம்மையுற்றதே சிறப்புடையது. எம்.ஆர்.டி.ஜி. அறியாத இடத்தில் முந்தைய அளவை வைத்தது. ஆர்.ஆர்.டி.டூல் அவ்விடத்தை வெற்றிடமாக விட்டது. நாகியோஸ் வீழ்ச்சியையும் எட்டாமையையும் பிரித்தது. புரோமிதியஸ் பெறும் முயற்சியையே தனி அளவாகப் பதிவுசெய்தது.

நிறுத்தப்பட்டுள்ளது, நின்றுள்ளது, எட்டவில்லை, அறியப்படவில்லை என்னும் நான்கு சொற்கள் இவ்வேறுபாடுகளைத் தமிழில் காக்கப் போதுமானவை. இவை புதிதாகப் புனையப்பட்டவை அல்ல. அன்றாட வழக்கில் உள்ளவை. வலையமைப்பு மென்பொருள்களைத் தமிழாக்குவோர் சொல்லுக்குச் சொல் தேடுவதற்கு முன்னர், அச்சொல்லைக் கூறும் மென்பொருள் எதை அறிந்து கூறுகிறது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவின் விடையே சரியான சொல்லைத் தரும்.